இடைவேளையில் நான் சொன்ன தொகை

அன்று அந்தத் திரையரங்கில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் சொல்கிறேன். நான். என் மனைவி. எங்கள் மகள். அவள் கட்டப்போவதாகச் சொன்ன பெடியன். சென்னையிலிருந்து மூன்று கிழமைக்கு வந்திருந்த அவனுடைய அப்பாவும் அம்மாவும். டிக்கெட்டைத் தானே கிழித்துப் படத்தையும் தானே ஓட்டுகிற முதலாளியம்மா. திரைக்குக் கீழே பியானோ வாசிக்கிற முதியவர். ஒவ்வொரு ஞாயிறும் வருகிற வயதான ஜேர்மன் தம்பதி. கடைசி வரிசையில் தொப்பியைக் கழற்றாமல் இருந்த ஒருவர். மழையில் நனைந்த நாயோடு வந்த ஒரு பெண். ஆக மனிதர் பன்னிரண்டு பேர், நாய் ஒன்று.

எண்ணியது நான்தான். பதற்றம் வந்தால் எனக்கு எதையாவது எண்ண வேண்டும். அந்த அரங்கில் எண்பத்து நான்கு கதிரைகள். ஐந்து உடைந்தவை. எந்தக் கதிரையின் அடியில் சுவிங்கம் ஒட்டியிருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியும். கிழமையில் நான்கு நாள் அங்கே புட்ஸ் வேலை செய்தேன். துப்புரவு வேலையை இங்குள்ள எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். காலையில் ஒரு பொதிகட்டும் தொழிற்சாலை, பின்னேரம் இந்தத் திரையரங்கு. டுசல்டோர்ஃபில் பெரிய அரங்குகள் எத்தனையோ இருந்தன. இது ரயில்பாதைக்குப் பின்னால், பழைய படங்கள் மட்டும் போடுகிற சின்ன இடம்.

மகள் எங்களிடம் விசயத்தைச் சொன்னது அதற்கு ஒரு மாதம் முன்பு. அவள் பல் வைத்தியரிடம் உதவியாளராக அவுஸ்பில்டுங் முடித்து, அங்கேயே வேலையும் எடுத்திருந்தாள். அந்தப் பயிற்சி முடிந்த அன்று நான் முழு வீதிக்கும் கேசரி கொடுத்தவன். ஒரு நாள் வேலையால் வந்தவள், காலணியைக்கூடக் கழற்றாமல், படிவம் நிரப்புகிற மாதிரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். ஊன்ட்றொப் கோயில் திருவிழாவில் அவள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்காகக் குளிர்பானம் விற்றபோது பழக்கமாம். இரண்டு வருடமாம். பெடியன் இந்தியத் தமிழனாம், வால்டோர்ஃபில் மென்பொருள் பொறியியலாளனாம். தகப்பன் வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். தாய் கல்லூரியில் ஆங்கிலம் படிப்பித்தவர். சென்னையில் இரண்டு மாடி வீடு.

"வீட்டுக்குக் காவலாளும் இருக்கோ?" என்று மனைவி கேட்டாள்.

"அம்மா, பகிடி விடாதேங்கோ."

"பகிடி இல்லை பிள்ளை. கொப்பர் இப்பவே கணக்குப் பார்க்கத் தொடங்கியிட்டார். முகத்தைப் பார்."

உண்மைதான். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜேர்மனிக்கு வந்து இருபது வருடமாகியும் கடிதம் வந்தால் உறையின் நிறத்தைப் பார்த்துத்தான் பயப்படத் தெரியும், உள்ளே உள்ளதை வாசிக்கத் தெரியாது. ஒன்பது வயதிலிருந்து எங்கள் வீட்டுக் கடிதங்களை வாசித்ததும், விண்ணப்பங்களை நிரப்பியதும், வைத்தியரிடம் தேர்மின், அதாவது நேரம், எடுத்துத் தந்ததும் மகள்தான். அவள் கலியாணம் கட்டி வால்டோர்ஃபுக்குப் போனால் மூன்று மணித்தியால ரயில் பயணம். அது ஒரு பயம். மற்றது அதைவிடப் பெரியது. அந்தக் குடும்பம் அவளை என்னவென்று பார்க்கும்? நிலம் கூட்டுகிறவனுடைய மகள். நாளைக்கு ஒரு சின்னச் சண்டை வந்தால் வாயில் முதலில் வருவது அதுவாகத்தான் இருக்கும். அவர்கள் சொல்லாவிட்டாலும் நினைப்பார்கள். நினைக்காவிட்டாலும், நினைக்கிறார்களோ என்று அவள் நினைப்பாள். இப்படி ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

சந்திப்பைத் திரையரங்கில் வைத்தது பெடியனுடைய யோசனை. அவனுடைய அம்மாவுக்குப் பேசாத காலத்துப் படங்கள் என்றால் உயிராம். எங்கள் முதலாளியம்மா அந்த மாதம் ஞாயிறு காலைகளில் அப்படியான படங்களைப் பியானோவோடு போட்டுக்கொண்டிருந்தார். வேலைக்காரன் என்ற முறையில் எனக்கு இலவச டிக்கெட்.

"ஒன்றரை மணித்தியாலம் ஒருத்தரும் கதைக்கத் தேவையில்லை அப்பா. உங்களுக்கு நல்லதுதானே?" என்றாள் மகள்.

நல்லதுதான் என்றேன். எங்கள் இரண்டு அறை வீட்டையும், யாரோ கழித்துவிட்ட சோபாவையும் அவர்களுக்குக் காட்டாமல் தப்பலாம் என்று ஆறுதலாகவும் இருந்தது. பிறகுதான் எந்தப் படம் என்று தெரிய வந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் முதலாளியம்மா சுருளைச் சரிபார்க்க ஓட்டிப் பார்த்தபோது நான் நடுவரிசையில் கூட்டிக்கொண்டு நின்றேன். எண்பது வருடத்துக்கு முந்திய அமெரிக்கப் படம். பணக்கார வீட்டுப் பெடியன் ஒருவன் சட்டை வெளுக்கக் கொடுக்கப் போய், சலவைக் கடையில் இஸ்திரிக்கை போடுகிற பெண்ணைப் பார்க்கிறான். அடுத்த காட்சியில் அவள் ஒரு நீள மேசையில் இருக்கிறாள், முன்னால் ஏழெட்டு முள்ளுக்கரண்டி. எதை எடுப்பது என்று தெரியாமல் அவள் விழிக்க, மாமியார் கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்க்கிறார்.

நான் தும்புத்தடியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கதிரையில் இருந்தேன். வேறு படமே கிடைக்கவில்லையா இவர்களுக்கு?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "நாங்கள் சொல்லி வைச்சு இந்தப் படத்தைப் போட்ட மாதிரியெல்லோ அவையள் நினைப்பினம்."

"அவையள் உங்களைக் கட்ட வரேல்லை. பேசாமல் படத்தைப் பாருங்கோ. முக்கியமா ஒண்டு. காசுக் கதை எடுக்கப்படாது. அவையளாக் கேட்டால் பார்ப்பம்."

"ஓம்."

"ஓம் எண்டு சொல்லிப்போட்டு..."

"ஓம் எண்டுறன்."

எங்களிடம் அப்போது இருந்தது மூவாயிரத்து சொச்சம் யூரோவும், மனைவியுடைய பன்னிரண்டு பவுண் நகையும். அதுதான் எல்லாம்.

ஞாயிறு காலை பத்தரைக்கே நானும் மனைவியும் போய்விட்டோம். நான் இன்னொரு முறை கூட்டினேன். அவள் ஒரு பெரிய பெட்டி நிறைய ரோல்ஸ் சுட்டு, ஃபிளாஸ்கில் தேத்தண்ணீரும் கொண்டுவந்திருந்தாள். வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று நானே துடைத்து வைக்கிற பலகையில் எழுதியிருக்கிறது. முதலாளியம்மா பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். அதற்கும் ஒரு பயம் பிடித்தது.

அவர்கள் நால்வரும் குடையை மடக்கிக்கொண்டு வந்தார்கள். பெடியனுடைய அப்பா உயரமான, மெல்லிய மனிதர். என்னுடைய கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"வணக்கம் சார். ரொம்ப சந்தோஷம். உங்க தியேட்டரை பத்தி பையன் நிறைய சொல்லியிருக்கான்."

சார் என்று என்னை அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. எனக்குப் பின்னால் முதலாளியம்மா நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். உங்க தியேட்டர் என்கிறாரே, பெடியன் என்னவென்று சொல்லி வைத்திருக்கிறான்? முதலாளி என்றா? நான் இங்கே கூட்டுகிறவன் என்று உடனே சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது. சொல்வதற்குள் பெடியனுடைய அம்மா முந்திக்கொண்டார்.

"நீங்கதான் இங்க க்ளீனிங் பாத்துக்கிறீங்களாமே? எவ்ளோ நீட்டா இருக்கு. எங்க ஊர் தியேட்டர்லாம் உள்ள காலே வைக்க முடியாது."

பாராட்டுத்தான். ஆனால் அதைக் கேட்டதும் என் காது இரண்டும் சூடாகிவிட்டன.

நல்ல கதிரைகளில் அவர்களை இருத்தினேன். பெடியனுடைய அப்பாவுக்குப் பக்கத்தில் வந்தது உடைந்த கதிரை. அதில் நான் இருந்தேன். கொஞ்சம் அசைந்தாலும் அது முனகும். எனவே அசையாமல் இருந்தேன். மகளும் பெடியனும் எங்களுக்கு முன் வரிசையில். விளக்கு அணைந்தது, முதியவர் வாசிக்கத் தொடங்கினார்.

படத்தில் யாரும் பேசவில்லை என்பது எனக்கு வசதியாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் நடுநடுவே எழுத்து வந்தது. மேலே ஆங்கிலம், கீழே ஜேர்மன். நான் முதல் சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் அடுத்த படம் வந்துவிடும். அந்த அம்மா அவற்றை வாசித்துச் சத்தமில்லாமல் சிரித்தார். அவர் சிரித்தால் நானும் சிரித்தேன். ஒரு முறை அவர் சிரிக்காத இடத்தில் சிரித்துவிட்டேன். திரையில் அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள்.

முள்ளுக்கரண்டிக் காட்சி வந்தபோது மனைவி என் முழங்கையை அழுத்தினாள். பேசாமல் இருங்கோ என்று அர்த்தம். அதற்குப் பிறகு வந்தது நான் வெள்ளிக்கிழமை பார்க்காத காட்சி. அந்தப் பெண்ணுடைய அப்பா வருகிறார். சப்பாத்துத் தைக்கிறவர். கையில் ஒரு பொதி, மகளுக்காகத் தானே தைத்த சோடி. பெரிய வீட்டின் முன்வாசலுக்குப் போகாமல் பக்கத்து வாசலுக்குப் போகிறார். வெள்ளைக் கையுறை போட்ட வேலைக்காரன் கதவைத் திறந்து, பொதியை வாங்கி, கதவைச் சாத்துகிறான். கிழவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு திரும்பிப் போகிறார். அவ்வளவுதான். அரை நிமிடம்கூட இருக்காது.

அவர் திரும்ப வருவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். விருந்து நடந்தது, நடனம் நடந்தது, கார் வந்தது, கிழவர் வரவில்லை. படத்தை எடுத்தவர்களுக்கு அவர் தேவைப்படவில்லை. எனக்கு வேறு ஒன்றும் கண்ணில் ஏறவில்லை. ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்த வீட்டு வாசலுக்குப் போக வேண்டும், அதுவும் சப்பாத்துப் பொதி காணாது, பெரிதாக ஒன்று வேண்டும் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

படம் ஓட்ட அங்கே ஒரே ஓர் இயந்திரம்தான். சுருள் மாற்றப் பத்து நிமிடம் இடைவேளை விடுவார்கள். மகளும் பெடியனும் கோப்பி வாங்கப் போனார்கள். மனைவி ரோல்ஸ் பெட்டியைத் திறந்தாள். பியானோ முதியவர் வாசனைக்கே வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு எங்களோடு நின்றார். எல்லோரும் நல்ல மனநிலையில்தான் இருந்தார்கள்.

நான் வாயைத் திறந்தேன்.

"ஐயா, நாங்கள் பிள்ளையை வெறுங்கையோட அனுப்ப மாட்டம். பத்தாயிரம் யூரோ தருவம். நகை வேற."

மனைவியுடைய கையில் இருந்த ரோல்ஸ் அப்படியே நின்றது.

பெடியனுடைய அப்பா பதறிவிட்டார். "ஐயோ, அதெல்லாம் எதுக்கு சார்? எங்களுக்கு ஒண்ணும் வேணாம்."

இதை வாசிக்கிறவர்கள் இந்த இடத்தில் என்னை மடையன் என்பார்கள். ஆனால் எனக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்டது என்று சொல்ல வேண்டும். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது என் அக்காவுக்குக் கலியாணம் பேசி வந்தார்கள். எங்கள் ஐயா சீதனமாக ஒரு தொகை சொன்னார். மாப்பிள்ளையின் பெரியப்பா, "எங்களுக்கு ஒண்டும் வேண்டாம், உங்கட பிள்ளைக்கு நீங்கள் செய்யிறதைச் செய்யுங்கோ" என்றார். ஐயா அதை நம்பி அதோடு நிறுத்தினார். அவர்கள் தேத்தண்ணீரைக் குடித்தார்கள், நல்ல நாள் பார்த்துச் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள். பிறகு வரவேயில்லை. அயலில் இருந்த ஒருவர்தான் ஐயாவுக்கு விளங்கப்படுத்தினார். வேண்டாம் என்றால் காணாது என்று அர்த்தமாம். அங்கே கூட்டியிருக்க வேண்டுமாம். அக்காவுக்கு முப்பத்தாறு வயதில்தான் கலியாணம் நடந்தது. ஐயா சாகும்வரை அந்தப் பின்னேரத்தைப் பற்றிக் கதைத்தார்.

ஆகவே நான் கூட்டினேன்.

"பதினைஞ்சு."

"சார், ப்ளீஸ். நிஜமாவே வேணாம். நாங்க அதுக்கு வரல."

அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. குறைந்துவிட்டது என்ற வருத்தம் என்றே எடுத்துக்கொண்டேன்.

"இருவது. நகை பன்ரண்டு பவுண்."

"இஞ்சேருங்கோ!" என்றாள் மனைவி. அப்படிப்பட்ட குரலை நான் அவளிடம் முன்பு கேட்டதில்லை.

அந்த அம்மா முன்னால் வந்தார். "இங்க பாருங்க, நாங்க இந்த டவ்ரி சமாசாரத்தையே நம்பறவங்க இல்ல. என் கல்யாணத்துல எங்கப்பா பட்ட கஷ்டத்தை நான் பாத்திருக்கேன். என் பையன் கல்யாணத்துல ஒரு ரூபா வாங்க மாட்டேன்னு சபதமே பண்ணியிருக்கேன். உங்க பொண்ணு எங்களுக்குப் போதும்."

எவ்வளவு நல்ல வார்த்தைகள். இன்றைக்கு எழுதும்போது தெரிகிறது. அன்று எனக்குக் கேட்டதோ, தகப்பன் மட்டுமல்ல, தாயும் வேண்டாம் என்கிறார் என்பதுதான். இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். இன்னும் கொஞ்சத்தில் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். மகள் அங்கே கோப்பி வாங்கிக்கொண்டு நிற்கிறாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவளுடைய வாழ்க்கை இங்கே ரோல்ஸ் பெட்டிக்கு மேலே என் வாயில் தொங்குகிறது.

"இருவத்தையாயிரம்" என்றேன். "அதுக்கு மேல என்னால ஏலாது ஐயா. சத்தியமா ஏலாது."

கடைசி வார்த்தைகள் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. பியானோ முதியவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. அவரும் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

பெடியனுடைய அப்பா என் தோளில் கை வைத்தார். வெறி வந்தவனை அமைதிப்படுத்துகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். "சரி சார். சரி. உங்க திருப்திக்கு. எங்களுக்கு வேணாம், ஏதாவது செய்யணும்னா அவங்க ரெண்டு பேர் பேர்ல போடுங்க. இப்ப டீ குடிங்க."

சரி என்றார். முடிந்தது. ஐயாவுக்குச் செய்யத் தெரியாததை நான் செய்துவிட்டேன் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், பெருமையாகக்கூட இருந்தது. அப்போதுதான் மகள் இரண்டு கையிலும் கோப்பியோடு நிற்பதைக் கண்டேன். எப்போது வந்தாள் என்று தெரியாது. முகத்தைப் பார்த்தால் இருபத்தையாயிரத்தைக் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

முதலாளியம்மா மணியை அடித்தார்.

படத்தின் மறுபாதியை நான் பார்க்கவில்லை. கண் திறந்திருந்தது, அவ்வளவுதான். மனதுக்குள் வகுத்துக்கொண்டிருந்தேன். எல்லாச் செலவும் போக எங்களுக்கு மாதம் மிஞ்சுவது இருநூறு யூரோ. அப்படியென்றால் நூற்றிருபத்தைந்து மாதம். பத்து வருடமும் ஐந்து மாதமும். எனக்கு அப்போது ஐம்பத்தொன்று. முன் வரிசையில் பெடியன் ஏதோ கேட்டான், மகள் தலையை ஆட்டினாள், திரும்பவில்லை.

முடிந்து வெளியே வந்ததும் அந்த அம்மா என்னிடம் பிரியமாகக் கேட்டார். "க்ளைமாக்ஸ்ல அந்தப் பொண்ணோட அப்பாவை சுத்தமா மறந்துட்டாங்க, கவனிச்சீங்களா? எனக்கு அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருந்தது."

முழுப் படத்திலும் நான் கண்ட ஒரே விசயத்தை அவரும் கண்டிருக்கிறார். ஓம் அம்மா, எனக்கும் அதுதான் என்று சொல்லியிருந்தால் போதும். நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்று அரை மணித்தியாலம் கதைத்திருப்போம். ஆனால் மறந்துவிட்டார்கள் என்ற சொல்லை எனக்குச் சொன்ன நினைவூட்டலாக எடுத்துக்கொண்டேன்.

"நான் மறக்க மாட்டன் அம்மா. சொன்னது சொன்னதுதான்."

அவர் குடையை விரித்தார்.

ட்ராமில் மகள் எங்களோடு வந்தாள். எங்களுக்கு எதிரே இருந்தாள்.

"என்னை ஏலத்தில விட்டனீங்கள் அப்பா" என்றாள். "அதுவும் எதிர்க்க ஒருத்தரும் கேளாத ஏலம். நீங்களே கேட்டு நீங்களே கூட்டி."

"பிள்ளை, அவையள் வேண்டாம் எண்டு சொல்லேக்கை..."

"வேண்டாம் எண்டால் வேண்டாம் அப்பா! அவ்வளவுதான். வேற ஒண்டும் இல்லை."

"உனக்கு விளங்காது."

"ஓம், எனக்கு விளங்காது. அவரிட்ட நான் இனி என்ன சொல்லுறது? எங்கட அப்பா கோடீஸ்வரன், பொழுதுபோக்குக்குப் புட்ஸ் அடிக்கிறார் எண்டோ?"

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே அழுதாள். ட்ராமில் இருந்தவர்கள் பார்த்தார்கள். நான் யன்னலுக்கு வெளியே விளக்குக் கம்பங்களை எண்ணினேன்.

கலியாணம் நின்றுவிடவில்லை. அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வருடம் வசந்தத்தில் வால்டோர்ஃபில் நகரசபையில் கலியாண எழுத்து நடந்தது. நான் மூவாயிரம் யூரோவை ஒரு உறையில் போட்டு மகளுடைய கையில் வைத்தேன். முதல் தவணை என்றேன். அவள் கட்டிப்பிடித்தாள். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போது அந்த உறை என் உட்பையில் இருந்தது. எப்போது வைத்தாள் என்று எனக்குத் தெரியவேயில்லை.

சென்னையில் பெரிய வரவேற்பு வைத்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் விமான டிக்கெட் தாங்களே போடுவதாகப் பெடியனுடைய அப்பா தொலைபேசியில் சொன்னார். ஏற்கெனவே கொடுக்க வேண்டியவன், இன்னும் எப்படி வாங்குவது? தொழிற்சாலையில் லீவு தரமாட்டார்கள் என்று பொய் சொன்னேன். லீவு பதினாறு நாள் அப்படியே கிடந்தது. மனைவி மட்டும் போனாள். திரும்பி வந்து படங்களைக் காட்டினாள். மேடையில் எல்லோரும் நிற்கிறார்கள்.

"எல்லாரும் உங்களைத்தான் கேட்டவை" என்றாள். "நான் என்ன சொல்லுறது? காசு சேர்க்கிறார் எண்டே சொல்லுறது?"

நகையை மகள் வாங்கிக்கொண்டாள். அம்மாவுடையது என்பதால். காசு என்ற பேச்சை எடுத்தால் தொலைபேசியை அம்மாவிடம் கொடுக்கச் சொல்வாள்.

நான் என்ன செய்ய? பன்னிரண்டு பேருக்கு முன்னால் சொன்ன சொல். சரியாகச் சொன்னால், அதைக் கேட்டவர்கள் ஐந்து பேர்தான், அதிலும் விளங்கியவர்கள் நாலு பேர். அந்த நாலு பேரும் வேண்டாம் என்கிறார்கள். என்றாலும் இரவில் படுத்தால் கண்ணாடியைக் கண்ணில் வைத்த மாமியாராகப் பெடியனுடைய அம்மா வந்து நிற்பார். இல்லை, அவர் அந்த மாமியார் இல்லை, அவர் நல்ல மனுசி, படத்தில் வந்தவர் வேறு. எனக்கு இரண்டும் கலந்துவிட்டது. என்றைக்காவது ஒரு நாள், ஏதாவது ஒரு கோபத்தில், உங்கப்பா சொன்னாரே என்று யாராவது மகளைக் கேட்டுவிட்டால் அவள் எங்கே பார்ப்பாள்?

வங்கிக்குப் போனேன். வாழ்க்கையில் முதல்தடவை மகள் இல்லாமல். ஒவ்வொரு மாதமும் தானாகவே இருநூறு யூரோ அவளுடைய கணக்குக்குப் போகும்படி ஒழுங்கு செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னேன். அங்கிருந்த பெண் பொறுமையாக எல்லாவற்றையும் நிரப்பினாள். எதற்கான காசு என்று எழுத ஓர் இடம் இருந்தது. வாடகையா, கடனா, அன்பளிப்பா என்று கேட்டாள். மூன்றும் இல்லை, நான் என் மகளுக்காக வாக்குக் கொடுத்தேன் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்து, வாக்கு என்ற ஒரு சொல்லை மட்டும் தட்டெழுதினாள்.

முதல் இருநூறு போய் மூன்றாம் நாள் இருநூறு திரும்பி வந்தது. அதே இடத்தில், ஆங்கில எழுத்தில், தமிழில் எழுதியிருந்தாள். அப்பா வேண்டாம். இயந்திரத்தில் எடுத்த கணக்குத் தாளை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். அடுத்த மாதத்திலிருந்து இருநூற்றைம்பது போடலாமா என்று நினைப்பு ஓடியது. மனைவியிடம் சொன்னேன்.

"போடுங்கோ" என்றாள். "முந்நூறு போடுங்கோ, நானூறு போடுங்கோ. அவள் வேண்டாம் எண்டு சொல்லச் சொல்லக் கூட்டுங்கோ. நாங்கள் இனிச் சாப்பிடத் தேவையில்லை."

கூட்டவில்லை. இருநூறாகவே விட்டேன். ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி போகும், நாலாம் திகதி வரும். இப்போது இரண்டு வருடமாகிறது. அவள் இங்கே வரும்போது கடிதக் கட்டை எடுத்து வாசிப்பாள், விண்ணப்பம் நிரப்புவாள், என்னோடு பகிடி விடுவாள், கணக்குத் தாள்களை மட்டும் தொடமாட்டாள். நான் அங்கே போனால் முன்வாசலால்தான் போகிறேன். மாப்பிள்ளை கோட்டை வாங்கிக் கொளுவுகிறார். நல்ல பெடியன். அவர் கோப்பி கொண்டுவரும்போது நான் எழும்பி நிற்கிறேன். இருங்க அங்கிள் என்கிறார். இருக்கிறேன். முழுக்கச் சாய்ந்து இருக்க எனக்கு இன்னும் வரவில்லை.

ஒரு மாதம் மட்டும் காசு திரும்பி வரவில்லை. போன வருடம் புரட்டாதியில். நாலாம் திகதி பார்த்தேன், இல்லை. பத்தாம் திகதி, இருபதாம் திகதி, இல்லை. வங்கி இயந்திரத்துக்கு நான் போய்வந்த தடவைகளுக்குக் கணக்கில்லை. அந்த மாதம் அவர்கள் வீடு மாறினார்கள். காசு முட்டுப்பாடாக இருந்திருக்கலாம். மறந்திருக்கலாம். மனைவி மறந்துதான் போனாள் என்கிறாள். வேண்டுமென்றே எடுத்துக்கொண்டாள் என்று நினைக்க எனக்கு விருப்பம். எனக்கு அந்த மாதம் நித்திரை நன்றாக வந்தது. ஐப்பசியில் வழக்கம்போல் திரும்பி வந்துவிட்டது.

அதைப் பற்றி இதுவரை நான் மகளிடம் கேட்கவில்லை. கேட்டால் அன்றைக்கே அனுப்பிவிடுவாள். ஆகவே அந்த ஒரு மாதம் போக, இன்னும் நான் கொடுக்க இருப்பது இருபத்துநாலாயிரத்து எண்ணூறு யூரோ.